அமெரிக்காவில் ஓட்டு, கொரியாவில் கவலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் கொரியாவின் சுவோன் நகரில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஊர் திரும்பிய பிறகு நண்பர்கள் அதிகம் கேட்பது கே-பாப் பற்றியோ கிம்ச்சி பற்றியோ இல்லை. "அமெரிக்காவில் அதிபர் மாறினால் கொரியாவில் ஏன் இவ்வளவு பதற்றம்?" என்றுதான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

வேறொரு நாட்டுத் தேர்தலுக்குக் கொரியர்கள் ஏன் பதற வேண்டும்?

2024 நவம்பர் 6, புதன்கிழமை மதியம். எங்கள் ஆபீஸுக்குப் பின்னால் ஒரு குக்பாப் கடை. கொதிக்கும் சூப்பில் சோற்றைப் போட்டு, மண்சட்டியோடு தூக்கிவந்து மேஜையில் வைப்பார்கள். அந்தக் கடை டிவியில் எப்போதும் ஏதாவது நாடகம் ஓடும். அன்றைக்கு அமெரிக்க வரைபடம் ஓடியது. அங்கே அப்போது முந்தைய நாள் இரவு பத்து மணி; ஓட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். மாநிலம் மாநிலமாகச் சிவப்பும் நீலமும் ஏறிக்கொண்டே இருந்தன.

கடை நடத்தும் அம்மாவை நாங்கள் எல்லோரும் 'இமோ' என்றுதான் கூப்பிடுவோம். அம்மாவின் சகோதரி என்று பொருள். நம் ஊரில் சித்தி என்கிறோமே, அதேதான். அவருடைய மூத்த மகன் அப்போது வட கொரிய எல்லையை ஒட்டிய சொர்வோனில் கட்டாய ராணுவ சேவையில் இருந்தான். சட்டியை வைத்துவிட்டு எங்கள் மேலாளரிடம் கேட்டார்: "டிரம்ப் வந்தா அமெரிக்கப் படை போயிடுமா?" மேலாளர் பதில் சொல்லவில்லை. கைபேசியில் டாலர் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என் கவலை. மாதா மாதம் ஊருக்குப் பணம் அனுப்புகிறவன் நான். கொரியப் பணமான வோன் சரிந்தால் அம்மா கைக்குப் போகும் ரூபாய் குறையும். அன்று இரவே ஒரு டாலர் 1,400 வோனைத் தாண்டியது.

எல்லையில் நிற்கும் பிள்ளை, ஏற்றுமதியை நம்பிய கம்பெனி, மாதச் சம்பளம். ஒரே மேஜையில் மூன்று பேர், மூன்று கவலை. மூன்றுக்கும் விடை பென்சில்வேனியாவிலும் ஜார்ஜியாவிலும் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தது. அந்த ஓட்டில் எங்கள் யாருக்கும் பங்கில்லை.

இரண்டு நாடுகளுக்கும் இடையே இருப்பது என்ன ஒப்பந்தம்?

கொரியர்கள் அதை 'ஹன்மி தோங்மெங்' என்பார்கள். கொரிய-அமெரிக்கக் கூட்டணி என்று அர்த்தம். 1950 ஜூன் 25 அன்று வட கொரியா படையெடுத்தது. 1953 ஜூலை 27 அன்று போர்நிறுத்தம் கையெழுத்தானது. சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. போர்நிறுத்தமான இரண்டு மாதத்தில், அக்டோபர் 1 அன்று, பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் இரு நாடுகளும் கையெழுத்திட்டன.

ஆறே ஷரத்துகள் கொண்ட சின்ன ஒப்பந்தம் அது. அதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். தாக்குதல் நடந்தால் ஒவ்வொரு நாடும் 'தன் அரசியல் சட்ட நடைமுறைப்படி' செயல்படும் என்கிறது. நேட்டோ ஒப்பந்தத்தில் இருப்பதுபோல 'ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதுமான தாக்குதல்' என்ற வாசகம் இதில் கிடையாது. அமெரிக்கா கொரியாவில் படை நிறுத்தலாம் என்று சொல்கிறதே தவிர, எத்தனை பேர் என்று சொல்லவில்லை. கடைசியாக, எந்தத் தரப்பும் ஓராண்டு முன்னறிவிப்பு கொடுத்து விலகிக்கொள்ளலாம்.

இப்போது அங்கே இருக்கும் அமெரிக்க வீரர்கள் சுமார் 28,500 பேர். அந்த எண் ஒப்பந்தத்திலிருந்து வந்ததல்ல. பல அதிபர்களின் முடிவுகள் சேர்ந்து அங்கே வந்து நிற்கிறது. இமோ கேட்ட கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் அதிபர் நினைத்தால் மறுநாளே படையை அழைத்துக்கொள்ளலாமா?

மறுநாளே என்பது நடக்காது. ஆனால் அவர் கையில் நிறைய இருக்கிறது. படைகளின் தலைமைத் தளபதி அவர்தான். அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிடி பணத்தில் இருக்கிறது. 2018இல் நிறைவேறிய பாதுகாப்புச் செலவுச் சட்டம், கொரியாவில் 22,000 பேருக்குக் கீழே படையைக் குறைக்கப் பணம் செலவிடக்கூடாது என்று தடை போட்டது. அடுத்த ஆண்டுச் சட்டம் அந்த எண்ணை 28,500 ஆக உயர்த்தியது. ஆனால் தேசநலனுக்கு இது ஏற்றது, கூட்டாளிகளோடு பேசியாயிற்று என்று பாதுகாப்பு அமைச்சர் சான்று கொடுத்தால் அந்தத் தடை விலகிவிடும். பூட்டு இருக்கிறது, சாவியும் அதிபரின் ஆள் கையிலேயே இருக்கிறது.

அதோடு, படை எண்ணிக்கையைத் தொடாமலேயே செய்யக்கூடியவை உண்டு. 2018 ஜூன் 12 அன்று சிங்கப்பூரில் வட கொரியத் தலைவர் கிம் ஜோங்-உன்னைச் சந்தித்துவிட்டு வெளியே வந்த டிரம்ப், கொரியாவோடு சேர்ந்து நடத்தும் ராணுவப் பயிற்சிகளை நிறுத்துவதாகப் பத்திரிகையாளர்களிடம் அறிவித்தார். செலவு அதிகம் என்றார். கூடவே பயிற்சி செய்கிற நாடான தென் கொரியா, அந்த அறிவிப்பை உலகத்தோடு சேர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டது. சட்டம் எதுவும் மீறப்படவில்லை. ஆனாலும் சியோலில் பலருக்கு அன்று இரவு தூக்கம் போயிருக்கும்.

இது டிரம்ப் வந்த பிறகு ஏற்பட்ட பயமா?

இல்லவே இல்லை. கூட்டணி பிறப்பதற்கு முன்பே தொடங்கியது. 1952 தேர்தலில் ஐசனோவர், "நான் கொரியாவுக்குப் போவேன்" என்று வாக்குறுதி கொடுத்தார். ஜெயித்தார், பதவியேற்கும் முன்பே போனார், அடுத்த கோடையில் போர் நின்றது. 1969இல் நிக்சன், ஆசிய நாடுகள் தங்கள் பாதுகாப்பைத் தாங்களே முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். 1971இல் ஒரு டிவிஷன், ஏறக்குறைய 20,000 பேர், கொரியாவை விட்டுக் கிளம்பியது. அந்த அதிர்ச்சியில்தான் அன்றைய சர்வாதிகாரி பார்க் சுங்-ஹீ ரகசியமாக அணுகுண்டுத் திட்டம் தொடங்கினார். பிறகு அமெரிக்க நெருக்கடியால் அதைக் கைவிட்டார்.

1976இல் கார்ட்டர் இன்னும் ஒரு படி மேலே போய், தரைப்படை முழுவதையும் திரும்ப அழைப்பதாகப் பிரசாரத்தில் சொன்னார். அதை வெளிப்படையாக விமர்சித்த சிங்லாப் என்ற தளபதி 1977இல் கொரியாவிலிருந்து மாற்றப்பட்டார். கடைசியில் சில ஆயிரம் பேர் போனதோடு 1979இல் திட்டம் நின்றது. நிக்சன் குடியரசுக் கட்சி, கார்ட்டர் ஜனநாயகக் கட்சி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு தேர்தல் ஒரு தனிமனிதனின் வாழ்க்கையை மாற்றியது உண்டா?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும். இதற்குப் பதில் ஒரே பெயர்: கிம் தே-ஜுங்.

1980 மே மாதம் குவாங்ஜு நகரில் ராணுவ ஆட்சியை எதிர்த்து மக்கள் எழுந்தார்கள். ராணுவம் சுட்டு அடக்கியது. அதைத் தூண்டிவிட்டதாக எதிர்க்கட்சித் தலைவர் கிம் தே-ஜுங் மீது வழக்குப் போட்டு, அந்தச் செப்டம்பரில் ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. கார்ட்டர் அரசு கெஞ்சியது, எச்சரித்தது. ஆட்சியைப் பிடித்திருந்த தளபதி சுன் டூ-ஹ்வான் அசையவில்லை. நவம்பரில் ரீகன் ஜெயித்தார். மனித உரிமை பேசுகிற ஆள் போய்விட்டார், இனி தூக்கு நிச்சயம் என்றுதான் பலரும் பயந்தார்கள்.

நடந்தது வேறு. இன்னும் பதவியேற்காத ரீகன் தரப்பிலிருந்து ரிச்சர்ட் ஆலன், கொரியத் தளபதிகளின் ஆட்களோடு ரகசியமாகப் பேசினார். சுன் டூ-ஹ்வானுக்கு வெள்ளை மாளிகைக்கு வந்து புது அதிபரோடு படமெடுத்துக்கொள்ள ஆசை. அதற்கு விலை, கிம் தே-ஜுங்கின் உயிர். 1981 ஜனவரி பிற்பகுதியில் தூக்கு ஆயுள் தண்டனையானது; பிப்ரவரி தொடக்கத்தில் சுன் வாஷிங்டனில் ரீகனோடு கைகுலுக்கினார். குவாங்ஜுவில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் அந்தக் கைகுலுக்கலை மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் கிம் பிழைத்தார்.

பதினேழு ஆண்டு கழித்து, 1998இல், அதே கிம் தே-ஜுங் கொரியாவின் அதிபரானார். வட கொரியாவோடு பகையைக் குறைக்க 'சூரிய ஒளிக் கொள்கை' கொண்டுவந்தார். 2000 ஜூனில் வட கொரியத் தலைநகர் பியோங்யாங் போய் அந்நாட்டுத் தலைவர் கிம் ஜோங்-இல்லைச் சந்தித்தார். அந்த ஆண்டின் நோபல் அமைதிப் பரிசு அவருக்குக் கிடைத்தது. அக்டோபரில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஆல்பிரைட் பியோங்யாங் போனார். கிளின்டனே போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். ஏவுகணைகளை நிறுத்துவது பற்றிப் பேச்சு நகர்ந்தது.

அப்புறம் நவம்பர் வந்தது. ஃப்ளோரிடாவில் 537 ஓட்டு வித்தியாசத்தில் புஷ் ஜெயித்ததாக முடிவானது. 2001 மார்ச் தொடக்கத்தில் கிம் தே-ஜுங் வாஷிங்டன் போனார். சந்திப்புக்கு முந்தைய நாள் வெளியுறவு அமைச்சர் பவல், கிளின்டன் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம் என்றார். மறுநாளே அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. வட கொரியத் தலைவர் மீது தனக்கு நம்பிக்கையில்லை என்று புஷ், கிம் தே-ஜுங்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார். அடுத்த ஜனவரியில், புஷ் 'தீய அச்சு' என்று பெயர் சூட்டிய எதிரி நாடுகளில் வட கொரியாவும் ஒன்றாயிற்று. 2006இல் அது முதல் அணுகுண்டுச் சோதனையை நடத்தியது.

கிளின்டன் ஆட்சி தொடர்ந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். வட கொரியா வாக்கு மாறாமல் இருந்திருக்கும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரே மனிதரை ஓர் அமெரிக்க ஆட்சிமாற்றம் தூக்குமேடையிலிருந்து இறக்கிவிட்டது. இன்னொன்று அவர் உயிரைக் கொடுத்துக் கட்டியதை நிறுத்திவிட்டது. இரண்டிலும் அவர் கையில் ஓட்டு இல்லை.

'பாதுகாப்புச் செலவுப் பங்கு' என்று அடிக்கடி செய்தியில் வருகிறதே, அது என்ன?

கொரிய மொழியில் 'பாங்விபி புண்டம்கும்'. அமெரிக்கப் படை கொரியாவில் இருப்பதற்கான செலவில் கொரியா தரும் பங்கு. 1991 முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பேசி முடிவு செய்கிறார்கள். இந்தப் பணத்தின் பெரும்பகுதி கொரியாவிலேயே செலவாகிறது: முகாம்களில் வேலை செய்யும் கொரியர்களின் சம்பளம், கட்டுமானம், தளவாடச் சேவை.

சியோலுக்குத் தெற்கே பியோங்தேக்கில் இருக்கும் ஹம்ஃப்ரீஸ் முகாமுக்கு வெளியே ஒருமுறை நடந்திருக்கிறேன். வெளிநாட்டில் அமெரிக்காவுக்கு இருக்கும் மிகப் பெரிய ராணுவ முகாம் அது. கட்ட ஆன செலவு ஆயிரம் கோடி டாலருக்கு மேல். அதில் ஏறக்குறைய 90 சதவீதம் கொரியா கொடுத்தது. வாசலை ஒட்டிய தெருவில் தையல்கடை, பர்கர் கடை, டாலர் மாற்றும் கடை, சீருடையில் பெயர் தைத்துத் தரும் ஆள். தையல்காரர் ஒருவர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். முகாம் இருக்கும்வரைதான் அந்தத் தெரு.

2019இல் டிரம்ப் நிர்வாகம், அதுவரை ஆண்டுக்குச் சுமார் 90 கோடி டாலராக இருந்த பங்கை 500 கோடி டாலர் ஆக்கக் கேட்டது. பேச்சு இழுத்தது, பழைய ஒப்பந்தம் காலாவதியானது. 2020 ஏப்ரல் 1 முதல் முகாம்களில் வேலை பார்த்த சுமார் 4,000 கொரியர்கள் சம்பளமில்லாத விடுப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். கொரோனா உச்சத்தில் இருந்த நேரம். சமையல்காரர், கணக்கர், எலக்ட்ரீஷியன். அவர்கள் சம்பளத்தைத் தற்காலிகமாகக் கொரிய அரசே கொடுக்க ஒப்புக்கொண்ட பிறகு ஜூனில்தான் வேலைக்குத் திரும்பினார்கள். 2021 ஜனவரியில் பைடன் வந்தார். மார்ச்சில், சில வாரப் பேச்சிலேயே, 13.9 சதவீத உயர்வோடு ஒப்பந்தம் முடிந்தது. ஐந்து மடங்கு எங்கே, பதினாலு சதவீதம் எங்கே! நாடுகள் அவையே, எதிரியும் அதே எதிரி. ஆள் மட்டும் மாறினார்.

2024 தேர்தலுக்கு முன்பே கொரியா அவசரமாக ஓர் ஒப்பந்தம் போட்டதாமே?

ஆமாம். பழைய ஒப்பந்தம் 2025 கடைசிவரை செல்லுபடியாக இருந்தது. ஆனாலும் தேர்தலுக்கு முன்பே உட்கார்ந்து, 2026 முதல் 2030 வரைக்குமான பங்கைப் பேசி முடித்தார்கள். 2026க்கு 1.52 லட்சம் கோடி வோன். முந்தைய ஆண்டைவிட 8.3 சதவீதம் அதிகம். அதே அக்டோபரில் டிரம்ப், தான் பதவியில் இருந்திருந்தால் கொரியா ஆண்டுக்கு 1,000 கோடி டாலர் கொடுத்துக்கொண்டிருக்கும் என்று பேசினார்.

இங்கே ஒரு கோணல் உண்டு. இந்த ஒப்பந்தத்துக்குக் கொரிய நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். அமெரிக்காவில் அது அதிபரின் நிர்வாக ஒப்பந்தம், நாடாளுமன்றத்துக்குப் போகத் தேவையில்லை. ஆகவே மறுபடியும் பேசலாம் வாருங்கள் என்று ஒரு புது அதிபர் சொன்னால் அவரைத் தடுக்க அங்கே யாரும் இல்லை. ஆனாலும் கையெழுத்தான தாள் ஒன்று கையில் இருப்பது நல்லதுதான் என்பது என் எண்ணம். பேச்சு குறைந்தபட்சம் அந்தத் தாளிலிருந்து தொடங்கும்.

தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் இருக்கும்போது வரி எப்படி விழுந்தது?

2012 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அந்த ஒப்பந்தத்தால் இரு நாட்டுப் பொருட்களில் பெரும்பாலானவற்றுக்கு வரி இல்லாமல் இருந்தது. 2016 முதல் கொரியக் கார் அமெரிக்காவுக்கு வரியே இல்லாமல் போனது. ஜப்பான் காருக்கு 2.5 சதவீதம். போட்டிச் சந்தையில் அந்த இரண்டரை சதவீதம் பெரிய விஷயம்.

ஆனால் அமெரிக்காவில் 1962ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஓர் இறக்குமதி தேசப் பாதுகாப்புக்கு ஆபத்து என்று முடிவு செய்து வரி போட அதிபருக்கு அதிகாரம் தருகிறது. 2025 ஏப்ரலில் அந்தச் சட்டப்படி வெளிநாட்டுக் கார்கள் மீது 25 சதவீதம் விழுந்தது. கொரியாவுக்கும் சேர்த்துத்தான். 28,500 வீரர்களை நிறுத்திக் காக்கிற நாட்டிலிருந்து வரும் கார் தேசப் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால், கேட்கிற கொரியருக்கு எப்படி இருக்கும்? என் பழைய சகா ஒருவர் போனில் இதைச் சொல்லும்போது குரல் கம்மியது. கோபத்தைவிட வருத்தம்தான் அதில் அதிகம்.

2024இல் கொரியா அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்தது சுமார் 12,780 கோடி டாலர். அதில் பெரிய பங்கு கார். 2025 ஜூலை 30 அன்று ஒரு புரிதல் வந்தது: வரியை 15 சதவீதமாகக் குறைப்பார்கள், பதிலுக்குக் கொரியா அமெரிக்காவில் 35,000 கோடி டாலர் முதலீடு செய்யும். அந்தப் பணத்தை எப்படித் தருவது என்பதில் பேச்சு சிக்கியது. கொரியாவின் மொத்த அன்னியச் செலாவணிக் கையிருப்பே சுமார் 42,000 கோடி டாலர்தான். டாலர் கையிருப்பு காலியான 1997 நெருக்கடி அந்த மக்களுக்கு இன்னும் ஆறாத புண். அப்போது நாட்டின் கடனை அடைக்கக் கல்யாண மோதிரத்தையும் குழந்தையின் முதல் பிறந்தநாள் மோதிரத்தையும் வரிசையில் நின்று கொடுத்தவர்கள் அவர்கள். டாலரை அள்ளிக்கொடு என்று கேட்டால் அந்த வரிசைதான் ஞாபகத்துக்கு வரும்.

2025 அக்டோபர் 29 அன்று கியோங்ஜுவில் டிரம்பும் அதிபர் லீ ஜே-மியுங்கும் சந்தித்தபோது முடிச்சு அவிழ்ந்தது: 20,000 கோடி டாலர் ரொக்கம், ஆனால் ஆண்டுக்கு 2,000 கோடிக்கு மேல் போகாது, மீதி 15,000 கோடி கப்பல் கட்டும் துறைக்கு. இதற்கிடையில் ஜப்பானுக்குச் செப்டம்பரிலேயே 15 சதவீதம் அமலாகிவிட்டதால், சில வாரங்கள் கொரியக் காருக்கு ஜப்பான் காரைவிட அதிக வரி இருந்தது. ஏறக்குறைய பத்தாண்டு அனுபவித்த சலுகை தலைகீழானது.

ஜார்ஜியாவில் கொரியத் தொழிலாளர்களைச் சங்கிலியில் பிணைத்தார்களே, அது என்ன விவகாரம்?

2025 செப்டம்பர் 4. ஜார்ஜியா மாநிலத்தில் ஹூண்டாயும் எல்ஜியும் சேர்ந்து கட்டிக்கொண்டிருந்த பேட்டரி ஆலையில் குடியேற்ற அதிகாரிகள் சோதனை நடத்தி 475 பேரைப் பிடித்தார்கள். அதில் 300க்கும் மேற்பட்டோர் கொரியர்கள். கையிலும் இடுப்பிலும் சங்கிலி போட்டு அழைத்துப்போகும் படம் வெளியானது. ஒரு வாரம் கழித்துத் தனி விமானத்தில் அவர்களை ஊருக்குக் கூட்டிவந்தார்கள்.

அமெரிக்காவே வா, வந்து ஆலை கட்டு என்று கூப்பிட்டது. இயந்திரங்களைப் பொருத்தத் தெரிந்த ஆட்கள் கொரியாவில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பொருத்தமான விசா போதுமான அளவில் கிடையாது. அதனால் குறுகிய காலப் பயண அனுமதியில் பலரும் போய்வந்தார்கள். இந்த ஓட்டை பல அதிபர்கள் காலமாக இருந்ததுதான். குடியேற்றக் கெடுபிடியை வாக்குறுதியாகக் கொடுத்து ஜெயித்த ஆட்சியில் அது ஒரே நாளில் வெடித்தது. ஓர் அமெரிக்க வாக்காளர் மெக்சிகோ எல்லையை நினைத்துப் போட்ட ஓட்டு, கொரியாவிலிருந்து மெஷின் பொருத்தப் போனவரின் கையில் விலங்காக வந்து விழும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

அப்படியானால் ஜனநாயகக் கட்சி வந்தால் கொரியாவுக்கு நிம்மதியா?

பாதுகாப்பில் ஓரளவு ஆமாம். 2023 ஏப்ரலில் பைடனும் அன்றைய கொரிய அதிபர் யூன் சுக்-யோலும் வெளியிட்ட வாஷிங்டன் பிரகடனம், அணு ஆயுதத் திட்டமிடலில் கொரியாவோடு கலந்துபேச ஒரு குழுவையே ஏற்படுத்தியது. வியாபாரத்தில் அப்படிச் சொல்ல முடியாது. 2022 மே மாதம் பைடன் சியோல் வந்தபோது ஹூண்டாய் தலைவர் சுங் உய்-சுன் பெரிய முதலீட்டை அறிவித்தார். உங்களை ஏமாற்ற மாட்டோம் என்றார் பைடன். மூன்றே மாதத்தில், வட அமெரிக்காவில் அசெம்பிள் ஆகாத மின்சாரக் கார்களுக்கு 7,500 டாலர் வரிச் சலுகை இல்லை என்ற சட்டத்தில் கையெழுத்திட்டார். ஹூண்டாயின் ஜார்ஜியா ஆலை அப்போது வெறும் மண்தரை.

'திமிங்கிலங்கள் சண்டை போட்டால் இறாலின் முதுகு உடையும்' என்று கொரியாவில் ஒரு பழமொழி. அமெரிக்கா, சீனா என்று மட்டும் அதை நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் இரண்டு கட்சிகளும்கூட இரண்டு திமிங்கிலங்கள்தான்.

கொரியா தானே அணுகுண்டு செய்துகொள்ளுமா?

செய்யும் திறமை இருக்கிறது. கருத்துக்கணிப்புகளில் பத்துக்கு ஏழு பேர் அளவில் ஆதரிக்கிறார்கள். ஆனால் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை விட்டு விலகினால் பொருளாதாரத் தடை வரும். ஏற்றுமதியில் வாழும் நாடு அதைத் தாங்காது. இன்னும் ஒரு விலை இருக்கிறது: பக்கத்தில் ஜப்பானும் அதே வழியில் இறங்கலாம். நான் இதை விரும்பவில்லை. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் இறந்தவர்களில் ஆயிரக்கணக்கான கொரியர்களும் உண்டு. 2025 கியோங்ஜு சந்திப்பில், அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கிகள் கட்ட அமெரிக்கா சம்மதித்திருக்கிறது. அது குண்டு அல்ல. எரிபொருள் மட்டும் அணு.

கொரியா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதா?

அப்படியில்லை. அமெரிக்காவுக்குத் தன்னிடம் என்ன தேவை என்று தேடிக் கண்டுபிடித்து அங்கே போய் நிற்கிறது. அமெரிக்கக் கப்பல் கட்டும் தொழில் நொடித்துக் கிடக்கிறது. கொரியா அதில் உலகத் தரம். ஹன்வா நிறுவனம் 2024 டிசம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு கப்பல் தளத்தையே 10 கோடி டாலருக்கு வாங்கியது. 2025 வரிப் பேச்சில் கொரியாவின் கையில் இருந்த நல்ல சீட்டு அதுதான்.

வாஷிங்டனை மட்டும் நம்பாமல் மாநில ஆளுநர்களோடும் உறவு வைத்துக்கொள்கிறார்கள். ஆலை வந்த ஊரின் எம்பி எந்தக் கட்சியானாலும் அந்த ஆலைக்காகப் பேசுவார் என்ற கணக்கு.

ஆனால் கொரியாவும் சில சமயம் தானே தன்னைத் தடுக்கிக்கொள்கிறது. டிரம்ப் ஜெயித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, 2024 டிசம்பர் 3 இரவு யூன் ராணுவச் சட்டம் அறிவித்தார். சில மணி நேரத்தில் நாடாளுமன்றம் அதை முறியடித்தது. 2025 ஏப்ரல் 4 அன்று அவர் பதவியிழந்தார். ஜூன் 3 தேர்தலில் லீ ஜே-மியுங் வந்தார். வரிகள் அறிவிக்கப்பட்ட அந்த முக்கியமான மாதங்களில், பேசுவதற்குக் கொரியாவில் ஓர் அதிபர் இல்லை. வோனுக்கு அந்த டிசம்பர் கொடுத்த அடி நவம்பர் அடியைவிடப் பெரிது. என் சம்பளக் கணக்கில் அதை நேராகவே பார்த்தேன்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஏதாவது உண்டா?

கொஞ்சம் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார் செய்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் ஆலை இருக்கிறது. சென்னையில் செய்யும் ஹூண்டாய் கார்கள் அமெரிக்காவுக்குப் போவதில்லை, ஆகவே அந்த வரி நேரடியாகத் தொடாது. ஆனால் முதலீட்டுப் பணம் ஒரே பெட்டியிலிருந்துதான் வருகிறது. 2025இல் மட்டும் ஹூண்டாய் குழுமம் அமெரிக்காவுக்கென்று அறிவித்தது 2,600 கோடி டாலர். அந்த அளவு பணம் ஒரு பக்கம் இழுக்கப்படும்போது மற்ற ஊர்களின் விரிவாக்கத்துக்கு எவ்வளவு மிஞ்சும் என்று ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் உதிரிபாகம் செய்கிறவர்கள் கவனித்துக்கொண்டிருப்பது நல்லது.

கொரிய வம்சாவளியினருக்கு அமெரிக்காவில் குரல் இருக்கிறதா?

இருக்கிறது, வளர்கிறது. 2024 தேர்தலில் நியூஜெர்சியிலிருந்து ஆண்டி கிம் செனட்டுக்குத் தேர்வானார். கொரிய வம்சாவளியில் முதல் செனட்டர். அந்த மதியம் குக்பாப் கடை டிவியில் அவர் பெயர் கீழே ஓடியபோது, அதுவரை பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மட்டும் கரண்டியை வைத்துவிட்டுக் கை தட்டினார்.

அடுத்து எந்தத் தேதிகளைக் கவனிக்க வேண்டும்?

2026 நவம்பர் 3, அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான இடைக்காலத் தேர்தல். படைக் குறைப்புக்குப் பூட்டுப் போடுவது அங்கேதான். அடுத்த அதிபர் தேர்தல் 2028 நவம்பர் 7. கொரிய அதிபருக்கு ஐந்தாண்டு, ஒரே ஒருமுறைதான். லீயின் காலம் 2030 ஜூன் தொடக்கத்தில் முடிகிறது. அதனால் வெள்ளை மாளிகையில் அடுத்து வருகிறவரோடும் ஒன்றரை ஆண்டு அவர் பேசியாக வேண்டும். செலவுப் பங்கு ஒப்பந்தம் 2030 கடைசியில் முடியும். அதற்கான பேச்சு அதற்கு முன்பே தொடங்கிவிடும்.

இமோவின் மூத்த மகன் சேவை முடிந்து வீடு வந்துவிட்டான். போன மாதம் பேசியபோது சொன்னார். இளையவன் இன்னும் பள்ளியில் படிக்கிறான். 2028 நவம்பரில் அவன் சீருடையில் இருப்பான்.